எதிர் வரிசை அடுப்பு

மேற்கு தாம்பரத்திலிருந்து முடிச்சூர் பக்கம் ஓடுகிற ஆட்டோக்களில் பாதி, தாமோதரன் தைத்துக் கொடுத்த சீட்டோடுதான் ஓடுகின்றன. உட்கார்ந்து போகிற ஜனங்களுக்கு அது தெரியவா போகிறது? முதுகு வலிக்காமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் அவர்களுக்கு. தாமோதரனுக்கும் அவ்வளவு போதும். ரெக்சின், பஞ்சு, ஒரு பழைய தையல் மிஷின், தலைக்கு மேலே தகரக் கூரை, மழை பெய்தால் கடைக்குள் பாதி ரோடு. இத்தனைக்கும் அந்த மனுஷன் சலித்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. "நல்லாத்தான் கீறோம், நமக்கு இன்னா கொறைச்சல்" என்பது எப்போதும் அவன் வாயில் இருக்கிற பேச்சு. அரிசி விலை ஏறினாலும் அதேதான், ரோட்டைத் தோண்டிப் போட்டு வியாபாரம் படுத்தாலும் அதேதான். கேட்கிறவனுக்கு எரிச்சல் வரும். வரட்டும், அவன் மனசாரச் சொல்வது அது.

அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரு ஆளைக் காட்ட வேண்டும். கடை வாசலில் பழைய பஸ் சீட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் வம்பு பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, லோகநாதன், அவர்தான் அந்த ஆள். தாமோதரன் அவரை அப்பா என்பான். பள்ளிக்கூடத்தில் போட்ட இனிஷியல் முதல் ரேஷன் கார்டு வரை அவன் லோ. தாமோதரன். ஆனால் பெற்ற அப்பா அவர் இல்லை. தாமோதரனின் அம்மா நாகம்மாவுக்கு லோகநாதன் கூடப் பிறந்த தம்பி. முறைக்குத் தாய்மாமன்.

பெற்றவர் பேர் மாசிலாமணி. திரிசூலம் மலையில் கல் உடைக்கப் போனவர், வெடி வைத்த அன்றைக்கு ஒதுங்க நேரமில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். தாமோதரன் அப்போது தவழ்கிற பிள்ளை. புருஷன் வீட்டில், நாகம்மா வந்த நேரம் சரியில்லை என்று ஆரம்பித்தார்கள். அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். தம்பிக்கு அப்போதுதான் மீசை கறுத்திருந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சாக்கை விரித்துப் பழைய சைக்கிள் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "உள்ள போக்கா, சோறு கீது" என்றார். அதோடு சரி, அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுத்ததே இல்லை.

அப்புறம் பிள்ளை வளர்ந்ததெல்லாம் அந்தத் தோளிலும் அந்தச் சாக்கிலும்தான். அவருக்குக் கல்யாணம் நடந்தது. குப்பம்மா என்று தங்கமான மனுஷி வந்தாள். சொந்தமாக ஒரு பிள்ளை பிறக்கவில்லை. யாராவது அதைக் கிளறினால், "அதான் ஒண்ணு கீதே, கண்ணு தெர்ல?" என்று தாமோதரனைக் காட்டுவார். கிளறினவன் வாயை மூடிக்கொண்டு போய்விடுவான். நாகம்மாவும் குப்பம்மாவும் இப்போது இல்லை. கிழவரும் தாமோதரனும் தாமோதரன் பெண்டாட்டி மஹாலட்சுமியும் மகள் நிஷாவும் முடிச்சூரில் ஒரே வீடு.

இனி சாமி விஷயத்துக்கு வர வேண்டும், ஏனென்றால் வம்பு அங்கேதான் முளைத்தது. லோகநாதன் வம்சத்துக்குக் குலதெய்வம், படப்பை தாண்டி உள்ளே இருக்கிற ஏரிக்கரைப் பச்சையம்மன். வருஷத்துக்கு ஒரு தடவை தை மாதத்தில் அங்கே பொங்கல். அந்தக் கோயிலில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. சாமி போகிற பாதைக்கு இந்தப் பக்கம் பங்காளிகள் அடுப்பு. ஒரு தாத்தா வழி வந்த ஆண்பிள்ளைகளின் குடும்பம் எல்லாம் மூத்தவர் இளையவர் என்று வரிசையாக அடுப்பு போட வேண்டும். பாதைக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தை ஒட்டி, மாமன் மச்சான் அடுப்பு. பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள், கட்டிக்கொடுத்து அனுப்பிய பெண்கள் எல்லாம் அங்கே. பங்காளி வரிசையில் அடுப்பைப் பற்ற வைக்கிறது அந்த வம்சத்துக்கு வாழ வந்த பெண்களின் பாத்தியதை. மற்ற யார் கையும் அந்தத் தீக்குச்சியைத் தொடக் கூடாது. அந்த வரிசையில் அடுப்பு போட்டவர்கள் அண்ணன் தம்பி முறை. அவர்களுக்குள் பெண் எடுப்பது கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. யார் யாருக்கு என்ன உறவு என்று அங்கே வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை, அடுப்பைப் பார்த்தால் போதும்.

தாமோதரன் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு பொங்கலன்று லோகநாதன் பக்கத்தில் உட்கார்ந்து சுள்ளி உடைத்துக்கொண்டிருந்தான். முறைப்படி அவன் இருக்க வேண்டியது வேப்பமரத்தடி. ஒரு பெரியவர் வந்து, "இது யாரு வூட்டுப் புள்ள, இந்த வரிசையில?" என்று கேட்டார். பையன் கையிலிருந்த சுள்ளியைக் கீழே போட்டான். எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தான். லோகநாதன் தலையைத் தூக்காமலே, "எம்புள்ள" என்றார். பெரியவருக்கு விஷயம் தெரியும். ஆனாலும் லோகநாதனின் கோபமும் தெரியும், அதனால் நகர்ந்துவிட்டார். பையன் மறுபடி சுள்ளி உடைத்தான். அன்றைக்கு உட்கார்ந்தவன்தான், பிறகு கல்யாணமாகி மஹாலட்சுமி வந்ததும் அவளும் அதே வரிசையில் அடுப்பு மூட்டினாள். குப்பம்மா போன பிறகு கிழவரின் அடுப்பையும் அவள்தான் பற்ற வைத்தாள். கேட்க வேண்டிய பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். தாமோதரனுக்கும் நாளடைவில் அது கேட்க வேண்டிய விஷயமாகவே படவில்லை.

நிஷா தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிறாள். ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை செய்கிற விக்கியை அவளுக்குப் பிடித்துப் போயிற்று. எங்கே எப்படி என்றெல்லாம் நாம் கேட்பானேன். பையன் நல்ல பையன். அப்பா தனசேகர் பல காலம் பெங்களூரில் எலக்ட்ரிகல் வேலை பார்த்துவிட்டு ஊரப்பாக்கத்தில் வீடு கட்டி வந்தவர். இரண்டு வீடும் பேசி, ஜாதகம் பார்த்து, பூவும் வைத்தாயிற்று. குலதெய்வம் என்ன என்று அப்போதே கேட்டார்கள். பச்சையம்மன் என்றான் தாமோதரன். எங்களுக்கும் பச்சையம்மன்தான் என்றார் தனசேகர். செங்கல்பட்டு ஜில்லாவில் பச்சையம்மன் இல்லாத ஊர் எது? நல்ல சகுனம் என்று சிரித்துவிட்டு எல்லோரும் காபி குடித்தார்கள். எந்த ஊர்ப் பச்சையம்மன் என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை.

அதைக் கேட்டவர் அச்சாபீஸ் பாட்சா. மார்க்கெட் பக்கம் கடை வைத்து, தாம்பரத்தில் பாதிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கிறவர். பத்திரிகை உச்சியில் இரண்டு வீட்டுக் குலதெய்வமும் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று போடுவது வழக்கம். தாமோதரன் ப்ரூஃப் பார்க்கப் போனான்.

"இன்னா தாமோதரா, ரெண்டு பக்கமும் ஏரிக்கரைப் பச்சையம்மன் துணைன்னே வந்துகீது. ஒண்ணு நான் தப்பா அடிச்சனா? பையன் வூட்ல வாட்ஸப்புல அனுப்புனத அப்படியேதான் போட்டேன்" என்றார் பாட்சா.

தாமோதரன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பக்கத்தில் இருந்த காகிதக் கட்டின்மேல் சாய்ந்துகொண்டான். பாட்சா ஸ்டூலை இழுத்துப் போட்டு, "குந்துப்பா, தண்ணி குடி" என்றார். அவருக்குக் காரணம் புரியவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்து ஏதோ பேஜார் என்று மட்டும் தெரிந்தது. அச்சை நிறுத்தி வைத்தார்.

அன்று சாயங்காலமே தாமோதரன் ஊரப்பாக்கம் போனான். தனசேகர் ப்ரூஃபைக் கையில் வாங்கி, இரண்டு பக்கத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"படப்பைக்கு உள்ள, ஏரிக்கரையில இருக்கறதா?"

"அதான்."

"நீங்க எந்த வரிசையில அடுப்பு போடுவீங்க?"

தாமோதரன் ஒரு நொடிதான் யோசித்தான். "பங்காளி வரிசையில" என்றான்.

தனசேகர் ப்ரூஃபை மடித்து மேஜைமேல் வைத்தார். பெங்களூரில் இருந்ததால் அவர் பல வருஷம் கோயிலுக்குப் போகவில்லை. ஊருக்கு வந்த பிறகும் கூட்டத்துக்குப் பயந்து அமாவாசையில் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். "எங்கப்பாவும் அந்த வரிசைதாங்க. அப்போ நாம பங்காளி. பசங்க அண்ணன் தங்கச்சி முறை ஆவுது" என்றார். குரலில் கோபம் இல்லை. அழுகிற மாதிரிதான் இருந்தது. "நான் படிச்சவன், ஊரெல்லாம் சுத்தினவன், ஆனா இத மட்டும் தாண்ட எனக்கு தைரியம் இல்லைங்க. மன்னிச்சுக்குங்க."

தாமோதரன் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டான். எலக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரம் வருகிற வரைக்கும் எங்கே இறங்க வேண்டும் என்றுகூட அவனுக்கு நினைவில்லை. கூட்டம் இறங்கியபோது கூடவே இறங்கினான்.

விஷயத்தைக் கேட்டதும் மஹாலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். கிழவர் தெருமுனைக் கடைக்குப் போயிருந்தார்.

"ஏங்க, உங்களுக்கு புத்தி கித்தி எங்கயாவது வச்சுட்டு வந்துட்டீங்களா? அந்த சாமி உங்க அம்மா பொறந்த வீட்டு சாமி. மாமா உங்களுக்கு தாய்மாமன். அவருக்குப் பங்காளின்னா தனசேகர் சார் உங்களுக்கு மச்சான் முறை. தாராளமா பொண்ணு குடுக்கலாம். இந்த ஒரு வார்த்தைய அங்கயே சொல்லிட்டு வர்றதுக்கு என்ன?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாய மூடிகிட்டு வந்தீங்க?"

"நான் அவரு புள்ள" என்றான் தாமோதரன். "நாலு பேரு முன்னாடி அந்தாளு எங்கப்பா இல்லன்னு என் வாயால சொல்ல சொல்றியா? அவருக்கு வேற யாரு கீறா? எனக்கு ஒரு வயசுலேந்து தோள்ல தூக்கினவரு. நான் வேற வம்சம்னு சொன்னா அவரு வம்சம் அவரோட முடிஞ்சிச்சுன்னு நானே சொல்றாப்ல இல்ல? என்னால முடியாது."

மஹாலட்சுமிக்கு மேற்கொண்டு கத்தத் தோன்றவில்லை. அவளுக்கும் அந்தக் கிழவர் மேல் கொள்ளைப் பிரியம். ஆனால் உள்ளே கட்டிலில் குப்புறப் படுத்திருக்கிற மகளையும் பார்க்க வேண்டுமே. இரண்டு பக்கமும் இழுக்கிற கயிற்றுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அவள் மறுபடியும் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

நிஷா அழுதுகொண்டே கிடக்கிற ரகம் இல்லை. மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் கடை வாசலில் நின்று, பஸ் சீட்டில் உட்கார்ந்திருந்த கிழவரிடம் நேராகவே கேட்டாள். தாமோதரன் உள்ளே மிஷினில் குனிந்திருந்தான்.

"தாத்தா, நீ எங்கப்பாவுக்கு யாரு?"

"இன்னா கேள்வி இது? நான் தான் அவன..."

"வளர்த்தது தெரியும் தாத்தா. முறைக்கு யாரு?"

கிழவர் அவளையே பார்த்தார். பிறகு என்ன ஏது என்று விசாரித்தார். அவள் பத்திரிகையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள். மிஷின் சத்தம் நின்று நேரமாகியிருந்தது.

"டேய், வண்டிய எடு" என்றார் லோகநாதன்.

"எங்கப்பா?"

"ஊரப்பாக்கம்."

"அப்பா, வேணாம்பா. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துகினு வந்த லட்சணம் தான் தெரியுதே. எடுறா."

ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டுகிற வரைக்கும் பின்னால் உட்கார்ந்திருந்த கிழவர் அவன் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. வழியெல்லாம் வாகனம் மொய்க்கிற ரோட்டில் தாமோதரனுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டே வந்தது. வண்டியை மட்டும் எப்படியோ ஒழுங்காக ஓட்டிவிட்டான்.

தனசேகர் கதவைத் திறந்து, பெரியவரைப் பார்த்ததும் மரியாதையாக நாற்காலி போட்டார். லோகநாதன் தண்ணீர்கூடக் கேட்காமல் ஆரம்பித்தார்.

"உங்கப்பாரோட அப்பன் பேரு இன்னா?"

"சின்னசாமி."

"அவரு அப்பன்?"

"வேலாயுதம்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல."

"அந்த வேலாயுதத்துக்கு ஒரு அண்ணன். அந்த அண்ணன் மவன் தான் எங்கப்பன். நான் உனக்கு சித்தப்பன் முறைடா. உங்கப்பன் ஒரு பொங்கலுக்கு வரிசையில குந்திகினு என் வெல்லத்த திருடித் தின்னான், தெரியுமா ஒனக்கு?"

தனசேகர் தன் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்பாவின் வெல்லத் திருட்டை அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். "சித்தப்பா" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு முகம் வாடிற்று. "அப்போ நிச்சயமா பங்காளிதான்."

"நானும் நீயும் பங்காளி. இவன் இல்ல" என்றார் லோகநாதன். "இவன் எங்க அக்கா மவன். எங்க நாகம்மாவ மாசிலாமணின்னு ஒருத்தருக்குக் குடுத்தோம். அந்தாளு வம்சம் வேற, சாமி வேற. பாலாத்தங்கரை கன்னிமாரு. நாங்க பொண்ணு குடுத்த வூடு அது. இவன் உனக்கு அத்த புள்ள, மச்சான். இவன் பொண்ணு உன் புள்ளைக்கு முறைப்பொண்ணு. இதுக்கு மேல இன்னா வேணும்?"

தனசேகர் தாமோதரனைப் பார்த்தார். "சித்தப்பா, நீங்க சொன்னா போதும் எனக்கு. ஆனா நாளைக்கு கோயில்ல நாலு பேரு, வருசா வருசம் பங்காளி வரிசையில அடுப்பு போட்டவர் பொண்ண எப்படி எடுத்தேன்னு கேப்பாங்க. பசங்க வாழ்க்கைல அந்தப் பேச்சு வரக் கூடாது. சாமி வெளக்கு முன்னாடி மச்சான் வாயால ஒரு தடவ சொல்லட்டும். அதோட முடிஞ்சது."

கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாமோதரன் எழுந்து நின்றான். எம்புள்ள என்று தலையைத் தூக்காமல் சொன்ன அந்தக் குரல்தான் காதில் கேட்டது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவன் எத்தனை வருஷம் ராஜா மாதிரி வாழ்ந்திருக்கிறான். அதைத் திருப்பிக் கொடு என்றால் எப்படிக் கொடுப்பான்?

"சொல்றா" என்றார் லோகநாதன். "இங்க பாரு, அப்பனா இருக்கணும்னு எனக்கு ஆச. இருந்துட்டேன். குப்பம்மாவும் நானும் உன்ன வச்சுத்தான் சந்தோசமா இருந்தோம். ஆனா அதுல உனக்கு மாமன் இல்லாம பூட்டான். உங்கல்யாணத்துல மாமன் சீரு யாரு வச்சா? ஒருத்தரும் வைக்கல. நான் அப்பன் எடத்துல குந்திகினு வேடிக்க பாத்தேன். இன்னிக்காவது மாமனா ஒரு காரியம் பண்ணிட்டுப் போறேன். பொண்ணு நல்லா இருக்கட்டும்டா."

தாமோதரன் விளக்கைப் பார்க்கவில்லை, கிழவரைத்தான் பார்த்தான்.

"இவரு என் மாமா" என்றான். அதைச் சொல்லி முடித்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அவர் காலடியில் உட்கார்ந்து மடியில் முகத்தை வைத்துக்கொண்டான். கிழவர் அவன் தலையில் தட்டிக்கொடுத்தார். தனசேகர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சமையல்கட்டுப் பக்கம் போய், காபி போடச் சொன்னார்.

திரும்பி வந்தவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "சித்தப்பா, மச்சான் இனிமே வேப்பமரத்துப் பக்கம் போயிடுவாரு. அந்தம்மா உங்க அடுப்ப தொட முடியாது. உங்க அடுப்ப யாரு பத்த வைப்பாங்க?"

"அது கெடக்குது போ. எரிஞ்ச வரிக்கும் எரிஞ்சிச்சு" என்றார் லோகநாதன். காபியை ஆற்றிக் குடித்தார்.

பத்திரிகை புதுசாக அடிக்கப்பட்டது. ஒரு பக்கம் பாலாற்றங்கரைக் கன்னிமார் துணை, இன்னொரு பக்கம் ஏரிக்கரைப் பச்சையம்மன் துணை. பாட்சா, "இப்பதான்பா பாக்க லட்சணமா கீது" என்றார். முதல் பத்திரிகையை வைக்க தாமோதரன் மாமனை அழைத்துக்கொண்டு பாலாற்றங்கரைக்குப் போனான். பனைமரத்தடியில் மஞ்சள் பூசிய ஏழு கல், அவ்வளவுதான் கோயில். அங்கே விளக்கு போட்டுக்கொண்டிருந்த ஒருவர் யார் நீங்கள் என்று கேட்டார். "மாசிலாமணி மவன்" என்றான். அந்த வார்த்தையும் அவன் வாயில் அன்றைக்குத்தான் புதுசு. அவர் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, அதே நெற்றி என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. லோகநாதன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூரமாகவே நின்று, மாசிலாமணிக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார்.

ஆவணியில் கல்யாணம். விக்கி தாலி கட்டுகிறபோது மஹாலட்சுமி அழுதாள், தாமோதரன் சிரித்தான். தாய்மாமன் சீர் என்று நிஷாவுக்கு மஹாலட்சுமியின் அண்ணன் தட்டு தூக்கி வந்தார். அவருக்குப் பின்னாலேயே லோகநாதனும் ஒரு தட்டோடு வந்து மணப்பெண்ணைத் தாண்டிப் போய், பெண்ணைப் பெற்ற தாமோதரனுக்கு வேட்டியும் மாலையும் போட்டார். மண்டபமே சிரித்தது. காலம் போன காலத்தில் மாமன் சீர் வாங்கின ஒரே ஆள் தாம்பரத்தில் அவனாகத்தான் இருப்பான். அந்த வேட்டியை அவன் அப்புறம் கட்டவே இல்லை, பீரோவில் வைத்துவிட்டான்.

எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் தை பிறந்ததும் தாமோதரனுக்குக் கடையில் வேலை ஓடவில்லை. பொங்கல் வைக்கப் போக வேண்டும். இந்த வருஷம் மாமன் அடுப்பில் தீ இருக்காது. மற்ற பங்காளி வீட்டுப் பெண்களிடம் வந்து பற்ற வை என்று கேட்கிற ஆளும் இல்லை அவர். அவர் வெறும் அடுப்புக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு எப்படிப் பொங்கல் வைப்பது? மஹாலட்சுமியிடம் சொன்னான். அவளுக்கும் அதே கவலைதான், சொல்லாமல் வைத்திருந்தாள்.

கோயிலில் வண்டியை விட்டு இறங்கியதும் தாமோதரனின் கால் பழக்கத்தில் பங்காளி வரிசைக்குத்தான் போயிற்று. மஹாலட்சுமி சட்டையைப் பிடித்து இழுத்தாள். பானையையும் சுள்ளியையும் தூக்கிக்கொண்டு பாதையைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போனார்கள். பாதை என்ன, நான்கு முழ அகலம்கூட இருக்காது. அவனுக்குப் பெரிய ஏரியைத் தாண்டின மாதிரி இருந்தது. செங்கல்லை வைத்து அடுப்பு கூட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

எதிரே லோகநாதன் பானையை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடுத்த அடுப்பு தனசேகருடையது. அந்த அடுப்பில் ஏற்கெனவே புகை வந்துகொண்டிருந்தது. தனசேகர் பெண்டாட்டி தன் அடுப்பை மூட்டிவிட்டுத் தீப்பெட்டியைப் பக்கத்தில் நின்ற மருமகளிடம் கொடுத்தாள். மஞ்சள் சேலையில் நின்ற நிஷா, விக்கிக்கென்று கூட்டியிருந்த புது அடுப்புப் பக்கம் போகாமல், நேராகத் தாத்தாவின் அடுப்புக்கு முன்னால் வந்து குந்தினாள்.

தாமோதரன் தன்னை அறியாமல் எழுந்துவிட்டான். அந்தக் கை தொடலாமா என்று கேட்க வாயெடுத்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏன் தொடக் கூடாது? அவள் இந்த வம்சத்துக்கு வாழ வந்த பெண். எந்த வரிசையை விட்டு அவன் எழுந்தானோ அதே வரிசைக்கு அவன் மகள் மருமகளாக வந்திருக்கிறாள். லோகநாதன் வீட்டில் வளர்ந்த பெண் லோகநாதன் வம்சத்துக்கே வந்துவிட்டாள். இத்தனை மாசம் இந்தச் சின்னக் கணக்கு அவன் மண்டையில் ஏறவில்லை. நெஞ்சு நிறைந்து போயிற்று. பச்சையம்மன் இருந்த பக்கம் பார்த்து, தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

கிழவருக்கு அது முன்னமே தெரிந்திருக்கும் போல. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டு, சுள்ளியை ஒவ்வொன்றாக எடுத்துப் பேத்தியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். தீ பிடித்தது. காற்று திரும்பிப் புகை அவர் முகத்தில் அடித்தது.

"அப்பா, பொக கண்ணுல பூந்துடும், தள்ளிக் குந்து" என்று தாமோதரன் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினான்.

இரண்டு வரிசையும் திரும்பிப் பார்த்தது. தனசேகர் சிரித்துக்கொண்டே, "மச்சான், எதிர் வரிசைல குந்திகினு அப்பான்னு கூப்பிட்டா, பாக்கறவங்க என்னையத்தான் கேப்பாங்க" என்றார்.

"கேக்கட்டும்" என்றார் லோகநாதன். தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு எதிரே பார்த்தார். "அவன் குந்தற எடம் தான் மாறிச்சு, கூப்புடறத யாரு மாத்த சொன்னது? இத்தினி வருசம் பக்கத்துலயே குந்திகினு இருந்தான், மூஞ்சியே சரியா பாக்க முடியல. இப்ப நல்லா தெரியுது. டேய், அங்கயே இருடா."

தாமோதரன் அங்கேயே உட்கார்ந்து, அவரைப் பார்த்துக்கொண்டே பொங்கல் வைத்தான்.